சும்மாவுக்கு நம்பர் கிடையாது

‘சும்மா’ என்ற சொல் நம்பர் சாருக்கு ஆகவே ஆகாது. யாராவது “சும்மாதான் இருக்கேன்” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், நின்ற இடத்தில் குடையை ஊன்றிக்கொண்டு, “சும்மான்னா? காலையில இருந்து இப்ப வரைக்கும் என்ன செஞ்சிய, அதைச் சொல்லுங்க” என்று பிடித்துக்கொள்வார். கடற்கரையை ஒட்டிய எங்கள் திரேஸ்புரத்திலோ அந்த எழுபதுகளில் பாதித் தெரு சும்மாதான் இருந்தது. பொம்பளைகள் அத்தனை பேரும் சும்மா இருந்தோம். இறால் உரித்துக்கொண்டும், கருவாடு காயப்போட்டுக்கொண்டும், வலை பின்னிக்கொண்டும் சும்மா இருந்தோம். ஆம்பிளைகளில் சில பேரும் சும்மா இருந்தார்கள். ஆனால் அவர்கள் சும்மா இருந்ததற்கு அர்த்தம் வேறு. அவர்கள் கையில் கள்ளத்தோணியில் அக்கரைச் சாமானாக வந்த கடிகாரம் மின்னும். சிலோனைத்தான் நாங்கள் அக்கரை என்போம்.

என் தம்பி மிக்கேலும் அப்படிச் சும்மா இருந்தவன்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனை வளர்த்தவள் நான். எனக்குக் கல்யாணம் காட்சி எதுவும் நடக்கவில்லை, நடக்கவில்லையே என்று நான் அழுதுகொண்டும் இருக்கவில்லை. வலை விற்கிற ஏவாரி கொண்டுவந்து போடும் நைலான் நூலை வலையாகப் பின்னிக் கொடுப்பேன். அவன் என்ன செய்கிறான் என்று எனக்குத் தெரியும். தெரியாதது மாதிரி இருந்துகொள்வேன். அந்தத் தெருவில் எல்லா அக்காமாரும் எல்லா அம்மாமாரும் அப்படித்தான் இருந்தார்கள்.

இப்படிப்பட்ட தெருவுக்குள், எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே இருந்த மாடி அறைக்கு, வீடுவீடாகப் போய் ‘என்ன தொழில்’ என்று கேட்பதையே தொழிலாக வைத்திருந்த ஒரு மனுசன் குடிவந்தால் எப்படி இருக்கும்! அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. தெருவில் அவருக்கு நம்பர் சார் என்று பெயர். ஆத்தங்கரைப் பக்கம் நெல் விளையும் ஊர்க்காரர். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில் இருந்தார்கள். நாற்பது வயசு இருக்கும், ஒடிசலான உடம்பு, சிரிக்காத முகம். ஏதோ புள்ளிவிவர ஆபீஸ் என்றார். அப்படி ஓர் ஆபீஸ் இருப்பதை நாங்கள் அதற்கு முன்னால் கேள்விப்பட்டதே இல்லை. வரி போடவா என்று கேட்டால் இல்லை என்பார். கடன் கொடுக்கவா என்று கேட்டாலும் இல்லை என்பார். வரியும் இல்லை, கடனும் இல்லை என்றால் சர்க்காருக்கு எங்கள் தெருவில் என்ன வேலை?

ஒருநாள் நானே வாசலில் நின்று கேட்டுவிட்டேன். “எதுக்குத்தான் சார் இதெல்லாம் கேக்கிய?”

“உலகத்துல மனுசன் செய்யுத தொழில் அம்புட்டுக்கும் நம்பர் இருக்கு தங்கச்சி. அமெரிக்காக்காரன், ரஷ்யாக்காரன், சிலோன்காரன் எல்லாரும் கூடி உக்காந்து ஒத்துக்கிட்ட நம்பர். அதைப் பாத்து நம்ம நாட்டுக்கும் ஒரு புத்தகம் போட்டிருக்காவ. மீன் பிடிக்கிறவன் எந்தக் கடல்ல பிடிச்சாலும் அவனுக்கு ஒரே எடம். அந்த எடத்தைக் கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை.”

அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒன்றாக உட்கார்ந்ததே மிக்கேலைக் கண்டுபிடிக்கத்தானோ என்று தோன்றியது. இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. எமர்ஜென்சி போட்டிருந்த சமயம் அது. யாரை எப்போது ஜீப்பில் ஏற்றுவார்கள் என்று சொல்ல முடியாது.

மீன் வாங்கப் போனால்கூட அவருக்குச் சும்மா வாங்கத் தெரியாது. “இது ஒங்க வீட்டு ஆம்பிளை பிடிச்ச மீனா, நீங்க ஏலத்துல எடுத்து விக்கிற மீனா?” என்று கேட்பார். வீட்டு ஆள் பிடித்தது என்றால் மீன்பிடியாம், ஏலத்தில் எடுத்தது என்றால் வியாபாரமாம். மீன்காரி கத்தியைக் கீழே போட்டுவிட்டு, “நீரு மீன் வாங்க வந்தீரா, மீனுக்குச் சம்பந்தம் பேச வந்தீரா?” என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல், பதில் வரட்டும் என்று நின்றார்.

உப்பளத்தில் நடந்தது அதைவிட வேடிக்கை. அங்கே கங்காணியாக இருந்த பெரியவர் ஒருவர், “பாத்தி கட்டுதோம், தண்ணி பாச்சுதோம், உப்பு வெளையுது, வாருதோம். வெவசாயம்னு எழுதும்” என்றிருக்கிறார். இவர் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, “சுரங்கம்” என்றாராம்.

“சுரங்கமா? எங்கவே இருக்கு குழி? வந்து காட்டும்!”

“குழி இல்லைன்னாலும் அதுல்லா பிரிவு. கடல்தண்ணியக் காயவச்சு உப்பு எடுத்தாலும் சுரங்கத்தோடதான் சேரும். வெளையுதுங்கிறது ஒங்க பேச்சு.”

கங்காணி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாராம். அதற்குப் பிறகு கொஞ்ச காலம், காலையில் உப்பளத்துக்குப் புறப்படும் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி, “ஏளா, வாளா, சுரங்கத்துக்கு நேரமாச்சு” என்று கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். ஊர் கேலி செய்தது அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஓர் எழுத்தை மாற்றவில்லை. யார் அழுதாலும், யார் அதட்டினாலும், உள்ளதை உள்ளபடி வாங்காமல் நகர மாட்டார். இதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கையூட்டு வாங்குகிற ஆளைச் சமாளித்துவிடலாம், கோபக்காரனையும் சமாளித்துவிடலாம். இப்படிப்பட்டவரை என்ன செய்வது?

அதோடு, உண்மையை வரவழைக்க அவரிடம் ஒரு தந்திரம் இருந்தது. எங்கள் தெருக்கோடியில் ஒருவர் சொந்தமாக வள்ளம் வைத்திருந்தார். வரி வந்துவிடும் என்று பயந்து, “நான் கூலிக்குப் போறவன் சார்” என்று சொல்லிவைத்தார். நம்பர் சார் மறுக்கவில்லை, சரி என்று போய்விட்டார். அந்த வீட்டுப் பெண்ணுக்குச் சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த நாள் பார்த்துத் திரும்பவும் போனார். எல்லோர் காதிலும் விழும்படி, “சொந்தமா ஒண்ணும் கிடையாது, அடுத்தவன் வள்ளத்துல கூலிக்காரர். இப்படியே எழுதிருதேன், சரிதானே?” என்று கேட்டார்.

“யாருவே கூலிக்காரன்? எனக்கு ரெண்டு வள்ளம் ஓடுது. போய்க் கரையில பாரும்!” என்று அந்த மனுசன் குதித்தார்.

நம்பர் சார் அடித்துத் திருத்தி எழுதிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் நின்ற என்னைப் பார்த்து, “உண்மையைச் சொல்லுங்கன்னா ஒருத்தனும் சொல்ல மாட்டான் தங்கச்சி. ஒரு படி கீழ எறக்கி எழுதுனா, அவனே ஓடி வந்து திருத்துவான்” என்றார். அன்றுதான் அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பைப் பார்த்தேன். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

என் வீட்டுக்கு அவர் முறையாக விசாரிக்க வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் தரையில் உட்கார்ந்து, கால் பெருவிரலில் நூலை மாட்டிக்கொண்டு பின்னிக்கொண்டிருந்தேன். வழக்கப்படி என் வாயில் அதுதான் வந்தது. “நான் வீட்டுல சும்மாதான் சார் இருக்கேன்.”

“கையில என்ன?”

“வலை ஊசி.”

“யாருக்குப் பின்னுதிய? சொந்த வள்ளத்துக்கா, ஏவாரிக்கா?”

“எங்களுக்கு ஏது வள்ளம்? ஏவாரிக்குத்தான்.”

“அப்ப இது உற்பத்தித் தொழில். மெசின் வச்சு வலை செய்யுத ஆலைக்கு என்ன எடமோ, அதே எடம்தான் ஒங்களுக்கும். சும்மாவுக்குப் புத்தகத்துல நம்பர் கிடையாது. இனிமே அந்த வார்த்தையைச் சொல்லாதிய.”

அதட்டுவது மாதிரிதான் சொன்னார். ஆனால் அவர் போன பிறகு எனக்குக் கை ஓடவில்லை. அந்த வயது வரை என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? உடனே சுதாரித்துக்கொண்டேன். மனசு குளிரப் பேசுகிற ஆளிடம்தான் ரொம்பச் சூதானமாக இருக்க வேண்டும். அக்காவைக் குளிரவைத்தால் தம்பியைப் பற்றிக் கக்கிவிடுவாள் என்று நினைத்திருப்பார், வேறென்ன?

நினைத்த மாதிரியே மறுநாள் வந்தார். “தம்பிக்கு என்ன தொழில்?”

“கடலுக்குப் போறான்.”

கொடியில் காய்ந்த மிக்கேலின் சட்டைகளைப் பார்த்தார். “கடலுக்குப் போறவன் கமிசு இப்படி வெள்ளையாவா இருக்கும்?”

நான் எழுந்து சட்டைகளைக் கொடியிலிருந்து உருவினேன். அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “பயப்படாதிய தங்கச்சி. இந்தப் புத்தகம் நல்லது கெட்டது பாக்காது. செய்யுதது என்னன்னு மட்டும்தான் பாக்கும். கொண்டு வாற சாமான் அவனுக்குச் சொந்தம்னா வியாபாரம். அடுத்தவன் சாமானைக் கொண்டுவந்து குடுத்துட்டுக் கூலி வாங்குதான்னா போக்குவரத்து. சொந்தச் சாமானா, அடுத்தவன் சாமானா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும் எனக்கு.”

அது ஒன்று தெரிந்தால் போதுமாம்! கஸ்டம்ஸ்காரனும் அதைத்தானே கேட்பான்? சாமான் யாருடையது, பின்னால் இருக்கிற பெரிய கை எது? எனக்கு வந்த ஆத்திரத்தில், “கடலுக்குப் போறான்னு சொல்லியாச்சுல்லா? வேணும்னா எழுதும், இல்லன்னா போம்” என்று கதவைச் சாத்திவிட்டேன். அவர் எழுதவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மிக்கேலின் இடம் மட்டும் நிரப்பாமல் கிடப்பதாக அப்புறம் யாரிடமோ சொல்லியிருக்கிறார்.

மிக்கேலிடம், “ஏலே, அந்த ஆளுகிட்ட வாயக் குடுக்காத. அவரு உளவாளியா இருப்பாரு” என்று எத்தனையோ தடவை சொன்னேன். அவன் கேட்டால்தானே! அவனுக்கு அவரைப் பார்த்தால் விளையாட்டு. ஒருநாள் ஒரு பொட்டலம் அக்கரைக் கிராம்பை நீட்டி, “ஊருக்குக் கொண்டு போங்க அண்ணாச்சி” என்றிருக்கிறான். அவர் அதை மோந்து பார்த்துவிட்டு, “இது மொத்தமா வந்ததா, சில்லறையா வந்ததா?” என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மிக்கேல் வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவன் அப்படித்தான், தாராளக் கை. ஊருக்குக் கொடுப்பதிலும், கொடுத்ததை ஊர் பேசுவதிலும்தான் அவனுக்கு உயிர்.

கஸ்டம்ஸ் ஜீப் ஒரு மத்தியான வேளையில் வந்தது. வடக்கே எங்கேயோ கரையில் சாமான் பிடிபட்டதாகப் பேச்சு. தெருவில் உள்ள இளவட்டங்களை எல்லாம் தெருச் சிலுவை நிற்கும் குருசடிக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள். வீடுகளைச் சோதித்தார்கள். எங்கள் வீட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை. மிக்கேல் வீட்டில் எதையும் வைக்க மாட்டான். ஒவ்வொருவனையும் பெரிய ஆபீசர் கேட்டார், “என்ன தொழில்?” வள்ளத்துக்குப் போகிறவர்கள் வள்ளத்தைச் சொன்னார்கள், வள்ளக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார். மிக்கேல் முறை வந்தது.

“கடல் தொழில்.”

“யார் வள்ளம்?”

அவன் சுற்றிலும் பார்த்தான். ஒரு வள்ளக்காரராவது வாய் திறக்க வேண்டுமே! எல்லோருக்கும் அவரவர் பயம். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மாதாவே, மாதாவே என்று மனசுக்குள் கதறிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவர் பையும் குடையுமாகத் தெருவுக்குள் வந்தார். ஆபீசர் அவரைக் கூப்பிட்டு யார் என்று விசாரித்தார். தெரிந்ததும், “வீடுவீடா எழுதுற ஆளா? நல்லதாப் போச்சு. இவன் என்ன செய்யிறான்? சொல்லும்” என்றார்.

“தனி ஆளு விவரத்தை நாங்க வெளிய சொல்லக் கூடாது சார். மொத்தமாத்தான் சொல்லலாம்” என்றார் அவர்.

“நானும் சர்க்கார்தான்யா. சொல்லலைன்னா நீரும் ஜீப்ல ஏற வேண்டியிருக்கும்.”

அவர் மிக்கேலைப் பார்த்தார். பிறகு நான் நின்ற பக்கம் பார்த்தார். அதற்குப் பிறகு, தெரு முழுக்கக் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார். “இவனுக்குத் தொழில் எதுவும் இல்ல சார். இந்த வீட்டுல தொழில் பாக்குதது அக்காதான். வலை பின்னுத தொழில். அந்த உழைப்புலதான் வீடு ஓடுது. இவன் அக்கா போடுத சோத்தைத் திங்கான், அவ்வளவுதான்.”

குழாயடியில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆபீசரும் சிரித்துவிட்டார். “தூ! இவ்வளவு பெரிய ஆளு, அக்கா சோறா? போ, போ” என்று அடுத்தவன் பக்கம் திரும்பிவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்தவனிடம் கேள்வி கேட்கக்கூட ஆரம்பித்துவிட்டார்.

“யாருலே அக்கா சோத்தைத் திங்கான்?” என்று மிக்கேல் கத்தினான். “இந்தா, இந்தக் குருசடிக்கு ஓடு போட்டது எவன்? கேளு இவனுவகிட்ட! எங்க அக்கா கழுத்துல கெடக்குத சங்கிலி எவன் வாங்கிப் போட்டது? இந்தத் தெருவுல எவன் வீட்டுல நல்லது கெட்டதுன்னாலும் நான்லே அள்ளிக் குடுக்கேன்! நானா சும்மா இருக்கவன்?”

ஆபீசர் மெதுவாகத் திரும்பினார். “அப்படியா தம்பி? அவ்வளவும் எப்படிச் சம்பாதிச்ச? வா, உக்காந்து பேசுவோம்” என்று அவன் தோளில் கையைப் போட்டார்.

கொண்டு போய்விட்டார்கள். என் கழுத்துச் சங்கிலியும் அவனோடு போனது. அவன் ஜீப்பில் ஏறும்போதுதான் செய்த காரியம் புரிந்து, குழந்தைபோல என்னைப் பார்த்தான்.

தெரு ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னது. ஒரு படி கீழே இறக்கிச் சொல்லி வாயைப் பிடுங்கிவிட்டான் பாவி என்றது. அவருக்குச் சாயா கொடுக்கவும் ஆள் இல்லை, குடம் தண்ணீர் ஊற்றவும் ஆள் இல்லை. வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் இறங்கி வந்தபோது நான் வழியை மறித்து நின்றேன். சார் என்றெல்லாம் கூப்பிடத் தோன்றவில்லை.

“ஏன்வே, அவனைக் காப்பாத்த அப்படிச் சொன்னீரா, இல்ல கக்க வைக்க அப்படிச் சொன்னீரா?”

“அவன் பேசாம நின்னிருந்தா தப்பிச்சிருப்பான் தங்கச்சி.”

“பேசாம நிக்க மாட்டான்னு ஒமக்குத் தெரியாதா? ஊருல எல்லாத்தையும் துருவித் துருவித் தெரிஞ்சு வச்சிருக்கீரே, எந்தம்பியத் தெரியாதா?”

அவர் பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். “தெரியும்” என்று சொல்ல வந்தாரா, “தெரியாது” என்று சொல்ல வந்தாரா, மாதாவுக்குத்தான் வெளிச்சம். பிறகு, “ஒங்க தொழிலை நான் பொய்யாச் சொல்லல” என்று மட்டும் சொன்னார். கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று! நான் காறித் துப்பினேன். அவர் ஒதுங்கி நடந்து போய்விட்டார். அதோடு அவரை நான் பார்க்கவில்லை.

மிக்கேல் எமர்ஜென்சி எடுத்த பிறகுதான் வெளியே வந்தான். பாதியாக இளைத்திருந்தான். புது ஹார்பரில் மூட்டை சுமக்கப் போனான், அந்தக் காசை என் கையில் கொடுத்தான். பழைய பேச்சையே எடுக்க மாட்டான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான்தான் ஆரம்பித்தேன். “அந்த நம்பர்காரன் ஒன்னை எப்படி மாட்டிவிட்டான் பாத்தியாலே! சோத்தைத் திங்கான்னு ஒரு சொல்லு சொல்லி.”

அவன் தலையைத் தூக்காமல், “அது இல்லக்கா” என்றான்.

“எது இல்ல?”

“சோத்தைத் திங்கான்னு சொன்னதைக்கூட நான் பொறுத்துக்கிட்டேன். ஆபீசர் போகச் சொல்லிட்டாருல்லா, போயிருப்பேன். வீட்டைப் பாத்துத் திரும்புனேன். நீ நெலையப் பிடிச்சுக்கிட்டு நின்ன. வலை பின்னுத தொழில், அந்த உழைப்புலதான் வீடு ஓடுதுன்னு அவரு சொன்னாருல்லா? நீ தலைய நிமித்திக்கிட்டு நின்ன. நான் அம்புட்டு கொண்டாந்து குடுத்தும் ஒன்னை அப்படி ஒருநாளும் நான் பாத்ததில்லக்கா. அதுதான் தாங்க முடியல.”

“போலே, பொய்ச் சொல்லாத. நான் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுல்லா நின்னேன்” என்று சத்தம் போட்டேன். அவன் தட்டைத் தள்ளிவைத்தான். கையைக் கழுவிவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

நான் குசினியில் எச்சில் தட்டைக் கழுவிக்கொண்டே யோசித்தேன். நிமிர்ந்தா நின்றேன்? எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அவர் அன்றைக்கு வாயைத் திறப்பதற்கு முன்னால் என் பக்கம் திரும்பிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. நான் நிமிர்வேன், அதை என் தம்பி தாங்க மாட்டான் என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட்டுப் பார்த்தாரோ என்னவோ! அந்த ஆளை நான் இன்றுவரை நம்பவில்லை. ஆனால் தெருவே கேட்க அவர் என் தொழிலைச் சொன்னாரே, அதை இன்னொரு தடவை காதால் கேட்க வேண்டும் போல இருக்கிறது.